அலமாரிக்குள் வளர்த்த புல்

வேலை முடிந்து தொழிற்சாலை பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்தால், வாசலில் மண்ணைக் காணோம். காலையில் நான் மிதித்துவிட்டுப் போன மண் இருந்த இடத்தில் ஈரச் சிமெண்டு பளபளவென்று கிடந்தது. யாரும் அதில் கால் வைத்துவிடக்கூடாது என்று அண்ணன் குறுக்கே ஒரு பலகை போட்டிருந்தார். சாப்பாட்டுப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அந்தப் பலகைமேல் நடந்து உள்ளே போனேன். சமையல்கட்டில் அண்ணி தேத்தண்ணி கலக்கிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்காமலே சொன்னார்: “உங்கிட்ட முன்னாலயே சொன்னா மூஞ்சியத் தூக்கி வச்சிக்குவே. அதான் சொல்லல.”

மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வது ஒன்றுதான் எனக்குத் தெரிந்த சண்டை. அதையும் அவர்கள் முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தார்கள்.

புக்கிட் செந்தோசாவில் இருக்கும் இந்த வரிசை வீடு அண்ணனுடையது. நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தோட்டத்துத் தொழிலாளர் லயத்து வீடுகளைக் காலி செய்யச் சொன்ன காலத்தில் அண்ணன் குடும்பத்தோடு இங்கே வந்தவள், அப்படியே இருந்துவிட்டேன். ரவாங்கில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் பிரிவில் வேலை. படிப்பு ஐந்தாம் படிவத்தோடு சரி. ஐம்பது வயது நெருங்கிவிட்டது, ஆனால் வீட்டிலும் கோயிலிலும் நான் இன்னும் பாப்பாதான். கடைசிப் பிள்ளையாகப் பிறந்தால் அப்படித்தான். பாப்பாவிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. பாப்பாவுக்குத் தகவல் சொல்வார்கள், அதுவும் ஞாபகம் இருந்தால்.

அந்த மண் ஒரு காரின் அகலம்கூட இருக்காது. நாலு மிளகாய்ச் செடி, ஒரு கறிவேப்பிலை, சுவரோரம் கொஞ்சம் வல்லாரை. கறிவேப்பிலையை வேரோடு பிடுங்கிக் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்தார்கள். இலைகளை அண்ணி உருவி எடுத்துக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டார், வீணாகக்கூடாது என்று. இரண்டாவது காரை வெயிலில் நிறுத்த அண்ணனுக்கு மனம் வரவில்லை, சிமெண்டு போட்டு மேலே கூரையும் போடப்போகிறார். அவ்வளவுதான் காரணம். பக்கத்து வீட்டுக்காரரிடம் சுவர் பற்றிப் பேசியிருக்கிறார். கல்யாணமாகி சிரம்பானில் இருக்கும் மகளிடம் போனில் கூரைக்குக் கலர் கேட்டிருக்கிறார். அந்த மண்ணில் தினமும் கையை வைத்தவளிடம் மட்டும் கேட்கவில்லை.

செடிகள் போனதைக்கூட நான் விழுங்கிவிட்டிருப்பேன். விழுங்கிப் பழக்கம். ஆனால் டிசம்பர் வருகிறது.

எங்கள் தோட்டத்து மாதா கோயில் பத்தாங் பெர்ஜுந்தை பக்கம் எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களுக்கு நடுவில் இன்னும் இருக்கிறது. லயங்கள் இல்லை, ஆட்கள் ரவாங், புக்கிட் செந்தோசா, கோலாசிலாங்கூர் என்று பிரிந்து போய்விட்டார்கள். கிறிஸ்துமஸுக்கு மட்டும் எல்லாரும் அங்கே வந்து சேர்ந்துவிடுவோம். பாலன் குடிலை ஆண்கள் கட்டுவார்கள். மூங்கில், அத்தாப்பு ஓலை, நட்சத்திரம், சின்ன விளக்குகள் எல்லாம் அவர்கள் பாடு. தரைக்குப் புல் என் பொறுப்பு. வெளியிலிருந்து புல்லை வெட்டிக்கொண்டு வந்து வைத்தால் ஒரே நாளில் சுருண்டுவிடும். அதனால் எங்கள் ஆட்கள் தட்டுகளில் நெல் விதைத்துப் புல் வளர்ப்பார்கள். தஞ்சோங் காராங் வயல்கள் பக்கம் என்பதால் விதை நெல்லுக்குப் பஞ்சமில்லை. நெல்லை ஊறவைத்து, துணியில் மூட்டையாகக் கட்டி, முளை விட்டதும் தட்டில் இடைவெளியே இல்லாமல் பரப்பி, ஈரக் கோணியால் மூடி வைக்க வேண்டும். வெள்ளை முளை கோணியை முட்டும்போது அதை எடுத்துவிட்டு வெயிலில் வைத்தால், இரண்டு வாரத்தில் பச்சைக் கம்பளம் மாதிரி எழுந்து நிற்கும். அதன்மேல்தான் ஆடு, மாடு, இடையர்கள், மாதா, சூசையப்பர் எல்லாரையும் வைப்பார்கள்.

கோயிலில் எனக்கு வேறு வேலை இல்லை. வாசகம் வாசிக்க வராது, மைக் என்றாலே பின்வரிசைக்குப் போய்விடுவேன். பாட்டுக் குழுவில் இல்லை. கூட்டம் நடந்தால் கடைசி நாற்காலி. வருஷத்தில் ஒரு நாள் மட்டும் அந்தத் தட்டுகளைத் தூக்கிக்கொண்டு கோயில் நடுவழியில் பீடம்வரைக்கும் நடப்பேன். வழியில் நிற்பவர்கள் ஒதுங்கி நிற்பார்கள். அந்த ஒரு நடைதான் எனக்கென்று இருந்தது. அதற்குக் கொஞ்சம் வெளியிடமும் காலை வெயிலும் போதும். அதன்மேல்தான் இப்போது கார் நிற்கப்போகிறது.

அன்றைக்கு இரவுச் சாப்பாட்டின்போது, வாயைத் திறந்து கேட்டேன். டிசம்பரில் தட்டுகளை எங்கே வைப்பது என்று மட்டும்தான் கேட்டேன். குடில் கட்டும் குழுவுக்கு அண்ணன்தான் தலைவர். சோற்றைப் பிசைந்துகொண்டே, பிளாஸ்டிக் புல் சுருள் சுருளாக விற்கிறது, இந்த வருஷம் அதை வாங்கிவிடலாம் என்றார். தண்ணீர் ஊற்ற வேண்டாம், வாடாது, அடுத்த வருஷமும் ஆகும். அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. அதற்குப் பிறகு, என்னைச் சமாதானம் செய்வதாக நினைத்துக்கொண்டு, இதையும் சொன்னார்:

“கீழ யாரும் பாக்குறதில்ல, பாப்பா. எல்லாரும் கொழந்தயத்தான் பாப்பாங்க.”

அண்ணி ஆமாம் என்பதுபோல ரசத்தை என் பக்கம் நகர்த்தினார். நான் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன். கழுவிய வேகத்தில் ஒரு பீங்கான் தட்டின் விளிம்பு உடைந்தது. அந்த உடைந்த தட்டை இன்னும் நான்தான் எனக்கு எடுத்துக்கொள்கிறேன். வேறு யாரும் அதில் சாப்பிடுவதை நான் விடவில்லை.

என் அறை சமையல்கட்டை ஒட்டிய பின்னறை. முன்பு அதற்கு வெளியே பார்த்த ஒரு சன்னல் இருந்தது. சமையல்கட்டைப் பின்னால் நீட்டியபோது அந்தச் சன்னல் உள்ளே மாட்டிக்கொண்டது. இப்போது அதைத் திறந்தால் கேஸ் அடுப்பு தெரியும். வெளிச்சத்துக்குப் பதிலாக வெங்காயம் வதங்கும் வாசம் வரும். அதற்கும் அப்போது யாரும் என்னைக் கேட்கவில்லை. அந்த அறையில் பகலிலும் விளக்குப் போட்டால்தான் சீப்பு எங்கே இருக்கிறது என்று தெரியும். நெல் முளைக்கவே முளைக்காத இடம்.

அந்த அறையில்தான் வளர்ப்பது என்று முடிவு செய்தேன். பக்தியால் என்று சொன்னால் பொய். கோபத்தால்.

எங்கோ ஒரு குளிர் நாட்டில் ஒரு பையன் துணி அலமாரிக்குள் விளக்கு மாட்டிக் கீரை வளர்க்கும் காணொளி ஒன்றைப் போனில் பார்த்திருந்தேன். அவன் பேசிய இங்கிலீஷ் எனக்குப் பாதிதான் புரிந்தது. அவன் கைகளைப் பார்த்துக்கொண்டேன். அண்ணன் மகள் கல்யாணமாகிப் போனபோது விட்டுச் சென்ற பலகை அலமாரி ஒன்று, கதவு தொங்கிப்போய், குப்பை லோரிக்காகப் பின்பக்கம் காத்திருந்தது. அதை நான் எடுத்துக்கொள்கிறேன் என்றேன். துணி வைக்க என்று நினைத்துக்கொண்டார்கள். நானும் திருத்தவில்லை.

விளக்கு வாங்கப் போன இடத்தில் இன்னொரு கூத்து. ஹார்டுவேர் கடைச் சீனர், நான் வெள்ளை வெளிச்சம் வரும் நீள விளக்குகளைத் தடவிப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, மீனுக்கா என்று மலாயில் கேட்டார். நெல்லுக்கு, அதுவும் அலமாரிக்குள், அதுவும் கோயில் குடிலுக்கு என்று மலாயில் விளக்குவதை நினைத்தாலே எனக்கு வியர்த்தது. ஆமாம், மீனுக்கு என்று சொல்லிவிட்டேன். என்ன மீன் என்றார். தங்கமீன் என்றேன். அவரும் மீன் வளர்ப்பவராம். தண்ணீரை எப்படி மாற்றுவது, என்ன தீனி, எது எதைக் கடிக்கும் என்று ஆரம்பித்துவிட்டார். இல்லாத மீன்களுக்காக நின்று தலையாட்டிக்கொண்டிருந்தேன். வீட்டுக்குத் திரும்பி வரும் வழியெல்லாம் அவர்மேல் கோபம் இல்லை, என்மேல்தான். ஒரு விளக்கு வாங்கக்கூட உண்மையான காரணம் என் வாயிலிருந்து வராது.

விடுமுறை நாட்களில், அவர்கள் இருவரும் வெளியே போன நேரமாகப் பார்த்து, அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்தேன். அலமாரியின் நடுப்பலகைகளைக் கழற்றி, ஒன்றைப் பாதியாக அறுத்தேன். கோபமாக அறுத்தால் கோடு கோணிவிடும். ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கிய அந்தப் பலகைக்கு அடியில் அட்டையை மடித்துச் சொருகினேன். இன்றைக்கும் அது அப்படித்தான் நிற்கிறது, தண்ணீர் ஊற்றினால் இடப்பக்கம் ஓடும். கார்க் கண்ணாடிக்கு வெயில் மறைக்க வைக்கும் வெள்ளி நிறத் திரைகள் இரண்டு, ஓரம் கிழிந்தது, அண்ணன் தூக்கிப் போட்டது. அவற்றை வெட்டி உள் சுவர் முழுக்க ஒட்டினேன். எந்த வெயிலுக்காக என் மண் போனதோ அந்த வெயிலைத் தடுத்த திரை. அது என் புல்லுக்கு வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கட்டும். விளக்குகளை மேல்பலகையில் வரிசையாக மாட்டி, தானாக எரிந்து தானாக அணையும் பிளக்கில் சொருகினேன். தட்டுகளை விளக்குக்குப் பக்கத்தில் தூக்கி வைக்க, தொழிற்சாலையில் கழித்துக் கட்டிய பிஸ்கட் டின்கள். முதல் தடவை விளக்கு எரிந்தபோது என் அறையிலேயே நான் கண்ணைச் சுருக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. சுவரில் ஈரம் பூத்த கறைகள் எல்லாம் தெரிந்தன. எத்தனை வருஷமாக இதற்குள் படுத்திருக்கிறேன் என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அக்டோபரில் ஒரு வெள்ளோட்டம் விட்டேன். என்னோடு வேலை செய்யும் தஞ்சோங் காராங் மலாய்க்கார அக்கா ஒரு பை விதை நெல் கொண்டுவந்து கொடுத்தார். ஊறவைத்து, முளை கட்டி, தட்டில் பரப்பி, எங்கள் வழக்கப்படி ஈரக் கோணியால் மூடி, அலமாரிக் கதவையும் சாத்தினேன். கோணி இல்லாமல் எங்கள் வீட்டில் யாரும் நெல் முளைக்கவைத்ததில்லை. அது வாசலுக்கு, காற்றுக்கு, மரநிழலுக்கு ஆன வழக்கம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. மூடிய பெட்டி, சூடான விளக்கு, நனைந்த கோணி. இரண்டு நாள் கழித்து, வேலை முடிந்து வந்து திறந்தால், கோணிக்கடியில் பஞ்சு மாதிரி வெள்ளைப் பூசணம். முளைகளை அது தின்றுவிட்டிருந்தது. புளித்த கஞ்சியும் நனைந்த நாயும் சேர்ந்த நாற்றம், சன்னல் வழியாக நேராக அண்ணியின் அடுப்புக்குப் போனது.

அண்ணி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். பின்னால் அண்ணன். அலமாரியையும் உள்ளே எரியும் விளக்கையும் வெள்ளித் திரைகளையும் பார்த்துவிட்டு அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, கெட்ட எண்ணத்தோடு சிரித்திருந்தால் பரவாயில்லை. உண்மையிலேயே அவருக்கு வேடிக்கையாக இருந்தது. போனை எடுத்துப் படம் பிடித்தார். நான் தட்டை மறைத்துக்கொண்டு நின்றேன், என் முதுகும் படத்தில் வந்தது.

மறுநாள் தொழிற்சாலை பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது கோயில் குழுவின் வாட்ஸ்அப்பில் அது ஓடிக்கொண்டிருந்தது. அந்த வெள்ளை வெளிச்சத்தைப் பார்த்து ‘பாப்பாவோட ஆஸ்பத்திரி’ என்று அண்ணன் எழுதியிருந்தார். அடியில் சிரிக்கும் முகங்கள் வரிசையாக. ஒருவர் ‘கஞ்சாவா பாப்பா? போலீஸ் வரப்போவுது லா’ என்று போட்டிருந்தார். இன்னொருவர் தனக்கும் ஒரு கட்டு வேண்டும் என்று. சின்ன வயதில் என் மடியில் உட்கார்ந்து பூசை பார்த்த பிள்ளைகள்கூட அதில் சிரித்திருந்தார்கள். இது என்ன, எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. ‘குடிலுக்குப் புல்’ என்று தட்டினேன். அழித்தேன். மறுபடி தட்டினேன், மறுபடி அழித்தேன். பஸ் தொழிற்சாலை வாசலில் நின்றுவிட்டது. அன்றைக்கு முழுக்க என் கையில் பட்ட பிஸ்கட் பொட்டலங்கள் சரியாகத்தான் ஒட்டின, ஆனால் மேற்பார்வையாளர் இரண்டு தடவை வந்து மெதுவாக, மெதுவாக என்று சொல்லிவிட்டுப் போனார்.

விட்டுவிடலாம் என்று ஒரு நாள்கூட நினைக்கவில்லை. அவர்கள் சிரிக்காமல் இருந்திருந்தால் ஒருவேளை நினைத்திருப்பேன். கோணியைத் தூக்கி எறிந்தேன். அலமாரியின் கீழ்ப்பக்கமும் மேல்பக்கமும் துளைகள் போட்டு, கரப்பான் நுழையாமல் கொசுவலைத் துணியை ஒட்டினேன். பஸ்ஸில் முகத்துக்குக் காட்டிக்கொள்ளும் சின்ன மின்விசிறியை உள்ளே மூலையில் கட்டினேன். கோணிக்குப் பதிலாகக் காலையிலும் மாலையிலும் தண்ணீரைத் தெளித்தேன், அவ்வளவுதான். டிசம்பர் தொடக்கத்தில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம் தொடங்கியதும் உண்மையான விதைப்பு. வெளியே மழை நிற்காமல் கொட்டிக்கொண்டிருந்தது. வாசல் மண் இருந்திருந்தால்கூட அந்த வருஷம் வெயில் கிடைத்திருக்காது. அலமாரிக்குள் மட்டும் தினமும் விடிந்தது.

முளை வெள்ளையாக எழுந்து, மஞ்சளாகி, பச்சையானது. விளக்குப் பக்கத்தில் இருந்ததால் ஒல்லியாக நீளாமல், குட்டையாக, கெட்டியாக நின்றது. காலையில் கதவைத் திறந்தால் ஒவ்வொரு இலை நுனியிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்கும். நான் தெளித்தது இல்லை, இலையே விடுவது. வாசலில் வளர்த்த காலத்தில் அதைப் பனி என்று நினைத்திருந்தேன். கூரைக்கு அடியில், மூடிய அலமாரிக்குள், பனி எங்கிருந்து வரும்? அப்போதுதான் தெரிந்தது. யாரையாவது கூப்பிட்டுக் காட்ட வேண்டும்போல இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணி தோசை ஊற்றிக்கொண்டிருந்தார், அண்ணன் பசியாறிக்கொண்டிருந்தார். கதவைச் சாத்திவிட்டு வேலைக்குப் போனேன்.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால் தொழிற்சாலையில் அரைநாள்தான். மத்தியானமே வீட்டுக்கு வந்தேன். என் கட்டிலில் புது விரிப்பு போட்டிருந்தது. என் துணிமணிகள் ஒரு கூடையில் கூடத்தில் இருந்தன. அண்ணனும் அண்ணியும் அலமாரியை ஆளுக்கொரு பக்கம் பிடித்து வாசல் பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தார்கள். பிளக் பிடுங்கப்பட்டு வயர் தரையில் இழுபட்டது. உள்ளே தட்டுகள் சறுக்கும் சத்தம் கேட்டது. மகளும் மருமகனும் வருகிறார்கள், மருமகனுக்கு அறை வேண்டும், நீ கூடத்தில் படுத்துக்கொள், இதை ரெண்டு நாளைக்கு வெளியே கார் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம் என்றார் அண்ணன். வெளியே மழை சாய்ந்து அடித்துக்கொண்டிருந்தது.

தொடாதீர்கள் என்று சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னும் ஒரு இழுப்பு இழுத்தார்கள்.

“கைய எடுங்க.”

இந்தத் தடவை இருவரும் நிமிர்ந்தார்கள்.

“மண்ண எடுத்தீங்க, நான் ஒண்ணும் சொல்லல. சன்னல எடுத்தீங்க, ஒண்ணும் சொல்லல. இதயும் எடுத்தீங்கன்னா நான் இங்க இருக்க மாட்டேன்.”

எங்கே போவேன் என்று அவர்களும் கேட்கவில்லை, நானும் யோசித்திருக்கவில்லை. அண்ணன் அலமாரியை விட்டுவிட்டு முன்னால் போய்விட்டார். அண்ணி மட்டும் புது விரிப்பை உருவிக்கொண்டே, “ஒரு புல்லுக்கு இவ்வளவு ரோஷமா. இத மனுசங்க மேல காட்டியிருந்தா எப்பவோ ஒரு குடும்பம் ஆயிருக்கும்” என்றார். அதற்கு என்னிடம் பதில் இருந்தது. நிறைய இருந்தது. அன்றைக்கு இருந்த குரல் முழுக்க ஏற்கெனவே செலவாகிவிட்டது. அலமாரியைத் தனியாகவே தள்ளிப் பழைய இடத்தில் வைத்தேன். ஒரு தட்டின் ஓரத்தில் புல் நசுங்கியிருந்தது, அதைக் கத்தரிக்கோலால் வெட்டிச் சரி செய்தேன். மருமகன் கூடத்தில் டிவிக்குப் பக்கத்தில் சந்தோஷமாகத் தூங்கினார். தனக்கு அறை வேண்டும் என்று அவர் கேட்டிருக்கவே மாட்டார் என்று நினைக்கிறேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், நான் குளித்துவிட்டு வருவதற்குள் அண்ணன் காரை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டார். குடில் சாமான்கள், நட்சத்திரம், பிளாஸ்டிக் புல் சுருள், எல்லாம் ஏற்றிய பிறகு தட்டுகளுக்கு இடம் இல்லை என்று அண்ணியிடம் சொல்லிவிட்டுப் போனாராம். என்னிடம் சொல்ல நேரமில்லை. அண்ணன் மகள்தான், என் முகத்தைப் பார்த்துவிட்டு, “அத்த, நான் ஒரு கார் கூப்பிடட்டா?” என்று போனை எடுத்தாள். அலமாரிக் கதவைத் திறந்து தட்டுகளை அவள் வெளியே எடுத்தபோது, “இதுவா அந்த ஆஸ்பத்திரி?” என்று கேட்டாள். சிரிக்கவில்லை. அந்தக் குழுவில் அவளும் இருக்கிறாள்.

வந்த கார்க்காரர் ஒரு மலாய் இளைஞர். தட்டுகளைப் பார்த்ததும், இது நெல் அல்லவா, என் தாத்தாவுக்கு சபாக்கில் வயல் இருந்தது என்றார். அதற்குப் பிறகு ஒவ்வொரு மேட்டிலும் வண்டியைத் தவழவிட்டார். செம்பனைப் பாதையில் மழைநீர் தேங்கிய பள்ளங்களில் இறங்கும்போது என்னைவிட அவர்தான் அதிகமாகத் திரும்பிப் பார்த்தார். என்ன மீன் என்று அவர் கேட்கவில்லை. எனக்கும் பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

குடில் ஏறக்குறைய முடிந்திருந்தது. அண்ணன் ஏணிமேல் நின்று நட்சத்திரத்தைக் கட்டிக்கொண்டிருந்தார். கீழே இரண்டு பேர் விளக்கு வயரைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். தரை முழுக்கப் பிளாஸ்டிக் புல். ஒரே பச்சை, ஒரே உயரம், பளபளப்பு. ஆடு மாடுகள் அதன்மேல் நின்றன. பிரமாதமாகத்தான் இருந்தது, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

நடுவழியில் நடந்துபோய்த் தட்டுகளைக் கீழே வைத்தேன். ஒதுங்கி நிற்க அங்கே யாரும் இல்லை. ஆடுகளையும் மாட்டையும் ஓரமாக எடுத்து வைத்துவிட்டு, பிளாஸ்டிக் புல்லின் ஒரு மூலையைப் பிடித்து இழுத்தேன். பலகையோடு சேர்த்து ஆணி அடித்து வைத்திருந்தார்கள். இழுத்தேன். ஒவ்வொரு ஆணியாகத் தெறித்தது. ஒன்று விரலைக் கிழித்தது. வயர் பிரித்தவர்கள் தடுக்கவும் இல்லை, உதவவும் இல்லை. அண்ணன்தான் ஏணிமேலிருந்து கூப்பிட்டார்.

“பாப்பா. என்னா பண்றே? எல்லாம் செட் பண்ணியாச்சு லா.”

“கீழ பாக்குறேண்ணே.”

அவருக்குத் தான் சொன்னது ஞாபகம் இருந்ததா என்று தெரியாது. எனக்கு இருந்தது, செப்டம்பரிலிருந்து. பிளாஸ்டிக்கைச் சுருட்டிச் சுவரோரம் தள்ளிவிட்டு, தட்டுகளை நெருக்கி அடுக்கினேன். புல்லின்மேல் மாடு அமுங்கியது. இடையர் சாய்ந்தார். ஆடு ஒன்று முகம் குப்புற விழுந்தது. அண்ணன் ஏணியிலிருந்து இறங்கி வந்தார். கத்தப்போகிறார் என்று நினைத்துத் தோளைக் குறுக்கிக்கொண்டேன், பழக்கம். அவர் குனிந்து ஆட்டை எடுத்து நிமிர்த்தி வைத்தார். அது மறுபடி விழுந்தது. “ஆடு நிக்காது. அதுக்குத்தான் சொன்னேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு ஏணியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். நான் பலகைத் துண்டுகளைத் தேடி எடுத்து, ஒவ்வொன்றின் காலுக்கடியிலும் வைத்து, எல்லாரையும் நிற்க வைத்தேன். அந்த ஆடு மட்டும் படுத்தே கிடந்தது. ஆடு படுக்காதா என்ன.

சாயந்திரப் பூசைக்குக் கூட்டம் வந்தது. பிள்ளைகள் குடிலுக்கு முன்னால் முட்டி போட்டுப் புல்லைத் தொட்டுப் பார்த்தார்கள். பிடுங்காதே என்று தாய்மார்கள் இழுத்தார்கள். பூசை முடிந்து வெளியே வருவதற்குள் குழுவில் குடிலின் படங்கள் வந்துவிட்டன. ‘நெசப் புல்லு, குடில் ரொம்ப அழகு அண்ணே’ என்று எல்லாரும் அண்ணனுக்கு எழுதியிருந்தார்கள். அண்ணன் எல்லாருக்கும் கைகூப்பும் படம் ஒன்றைப் பதிலாகப் போட்டிருந்தார். கீழே பார்த்திருக்கிறார்கள். பார்த்துவிட்டு மேலே ஏணியில் நின்றவருக்கு நன்றி சொல்லியிருக்கிறார்கள்.

சமாதானம் ஆகிவிட்டது என்று எழுத எனக்கு ஆசைதான். ஆகவில்லை. வீட்டில் பேச்சு சாப்பாட்டளவுக்கு நடக்கிறது. புது வருஷத்தில் என் அறைக் கதவுக்கு உள்ளேயும் வெளியேயும் பூட்ட ஒரு பூட்டு வாங்கப் போனேன். ஹார்டுவேர் கடைச் சீனர் என்னை மறக்கவில்லை, மீன்கள் எப்படி இருக்கின்றன என்று கேட்டார். மீன் இல்லை, நெல் என்றேன். அலமாரிக்குள் வளர்க்கிறேன் என்றேன். மலாய் தட்டுத் தடுமாறித்தான் வந்தது. அவர், அப்படியானால் காற்று வேண்டுமே என்றார். விசிறி இருக்கிறது என்றேன். இப்போது அதில் மிளகாய் நாற்று நிற்கிறது. கறிவேப்பிலை விதையும் போட்டிருக்கிறேன், வருமா என்று தெரியாது.

மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்து குடிலைப் பிரித்தபோது, அண்ணன் அந்தப் பிளாஸ்டிக் புல்லை வீட்டுக்குக் கொண்டுவந்தார். வீணாகக்கூடாது. கார் நிற்கும் இடத்துக்கும் வாசற்படிக்கும் இடையில் சிமெண்டின்மேல் அதை விரித்து, ஓரங்களை ஒட்டி, நான்கு மூலையையும் காலால் அழுத்திவிட்டு, என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். “பாத்தியா பாப்பா. ஒனக்குப் புல்லு.” பாதி கேலி, பாதி நிஜமாகவே எனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருக்கிறார். அந்த இரண்டாவது பாதியைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

என் மண் அதற்கும் சிமெண்டுக்கும் அடியில் இருக்கிறது. பிளாஸ்டிக் அழுக்காகக்கூடாது என்று அண்ணி செருப்பைப் புல்லுக்கு வெளியிலேயே கழற்றச் சொல்லியிருக்கிறார். எல்லாரும் கழற்றுகிறார்கள். நான் காலையில் அறையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டு, தொழிற்சாலை பூட்ஸைப் படியிலேயே மாட்டி, அந்தப் புல்லை நடுவில் மிதித்துக்கொண்டுதான் பஸ்ஸுக்குப் போகிறேன்.